வைட்டமின் டி: சத்தா, செய்தியா? — ஆந்தனி நார்மனின் ஆய்வுகளை முன்வைத்து

முன்னுரை

பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த வைட்டமின் அட்டவணையில் டி-க்கு ஒரு வரிதான் உண்டு. சூரிய ஒளியில் கிடைக்கும்; குறைந்தால் ரிக்கெட்ஸ் வரும். அந்த வரியில் பிழை இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய மருத்துவச் செய்திகளைப் படிப்பவர் எளிதில் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுவார். குறைந்தால் நோய் என்றால், கூடினால் கூடுதல் நலம்தானே என்று நினைத்துவிடுவார். இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண்ணைப் பார்த்ததும் மாத்திரை தேடி ஓடும் பழக்கத்துக்கு அடியில் இருப்பது இந்த எண்ணம்தான்.

அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஆந்தனி டபிள்யூ. நார்மன் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் சுமார் அரை நூற்றாண்டுக் காலம் செய்த ஆய்வுகள் இந்த எண்ணத்தை அடியோடு மாற்றக்கூடியவை. வைட்டமின் டி உடலுக்குள் ஒரு ஹார்மோனாக மாறுகிறது. அந்த ஹார்மோன் செல்லுக்குக் கொண்டுவருவது ஒரு செய்தி. செய்தியின் பலனை அதன் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை, அதைப் பெற்றுக்கொள்ளும் செல்லின் நிலையும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இம்மூன்றில் முதல் இரண்டும் பாடநூல்களுக்குள் வந்துவிட்டன. மூன்றாவதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பதும், வைட்டமின் டி பற்றிய மருத்துவக் குழப்பங்களில் பல அதனால் விளைந்தவை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பெயர் வந்த வழி

1919இல் இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளுக்கு உணவின் மூலம் ரிக்கெட்ஸை வரவழைத்து, மீன் எண்ணெய் கொடுத்து அதைக் குணப்படுத்தினார். அந்த எண்ணெயில் வைட்டமின் ஏ இருப்பது அப்போது தெரிந்திருந்தது. குணம் அதனால்தானா என்ற ஐயம் எழுந்தது. எல்மர் மெக்காலம் காட் மீன் ஈரல் எண்ணெயைச் சூடாக்கி, அதனுள் காற்றைச் செலுத்தி வைட்டமின் ஏ-யை அழித்தார். ஏ போன பிறகும் எண்ணெய் ரிக்கெட்ஸைத் தீர்த்தது. ஏ, பி, சி ஆகிய எழுத்துகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால் இந்தப் புதிய பொருளுக்கு டி என்று 1922இல் பெயர் வைத்தார். உணவில் கிடைத்தது, குறைந்தால் நோய் வந்தது, ஆகவே வைட்டமின். பெயருக்குப் பின்னால் இருந்த தருக்கம் இவ்வளவே.

அதே 1919இல் பெர்லினில் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர் எந்த எண்ணெயும் கொடுக்காமல், பாதரச விளக்கின் புறஊதா ஒளியைக் கொண்டே ரிக்கெட்ஸ் குழந்தைகளைக் குணப்படுத்தினார். குழந்தையின் ஒரு கையில் மட்டும் ஒளியைப் பாய்ச்சியபோது மறுகையின் எலும்பும் தேறியது எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. ஒளிபட்ட தோலில் உண்டான ஏதோ ஒன்று இரத்தத்தில் பயணம் செய்து, தொலைவிலுள்ள எலும்பில் போய் வேலை செய்திருக்க வேண்டும். ஓரிடத்தில் உண்டாகி, இரத்தவழியே சென்று, வேறிடத்தில் செயல்படும் பொருளுக்கு எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905லேயே ஹார்மோன் என்று பெயர் சூட்டியிருந்தார். ஆக, அந்த மறுகை ஹார்மோன் இலக்கணத்துக்கு வேண்டிய சான்றைத் தந்துவிட்டது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் வைட்டமின் என்ற பெயர் வேரூன்றிவிட்டதால் ஆய்வும் அந்தப் பெயரின் வழியிலேயே போனது. எவ்வளவு கொடுத்தால் போதும், எந்த உணவில் எவ்வளவு இருக்கிறது என்பவையே அடுத்த நாற்பது ஆண்டுகளின் முதன்மைக் கேள்விகள் ஆயின.

தாமதத்தின் பொருள்

வைட்டமின் டி இல்லாமல் வளர்த்த கோழிக்குஞ்சுக்கு ஒரு வேளை வைட்டமின் கொடுத்தால் அதன் குடல் உடனே கால்சியத்தை உறிஞ்சத் தொடங்குவதில்லை. பல மணிநேரம் ஒன்றும் நடவாது. அந்தத் தாமதம் ஏன் என்ற கேள்வியிலிருந்துதான் நார்மனின் ஆய்வு வாழ்க்கை உருப்பெற்றது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹெக்டர் டிலூக்காவிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் நார்மன். டிலூக்காவோ உணவுப் பொருளில் புறஊதா ஒளி செலுத்தி வைட்டமின் டி உண்டாக்கலாம் என்று காட்டிய ஹாரி ஸ்டீன்பாக்கின் மாணவர். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து, கதிரியக்க ஹைட்ரஜனாகிய டிரிட்டியம் ஏற்றிய வைட்டமின் டி-யைத் தயாரித்து, அது எலியின் உடலில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை 1963இல் வெளியிட்டார்கள். மைக்ரோகிராம் அளவில் செயல்படும் பொருளைத் திசுவுக்குள் பின்தொடர அதற்குமுன் தக்க வழி இல்லை.

1965இல் டிலூக்காவின் குழுவினரும் தனியாக நார்மனும் ஒரே வகையான சோதனை முடிவை அறிவித்தார்கள். மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுப்பதைத் தடுக்கும் ஆக்டினோமைசின் டி என்ற மருந்தைக் கொடுத்துவிட்டால், பிறகு கொடுக்கும் வைட்டமின் டி-க்குக் குடல் பதில் தருவதில்லை. தாமதத்துக்கு இப்போது விளக்கம் கிடைத்தது. வைட்டமின் டி கால்சியத்தைக் கையோடு சுமந்து செல்லவில்லை. அது உட்கருவுக்குச் சென்று மரபணுக்களைத் தூண்டுகிறது. மரபணு படியெடுக்கப்பட்டுப் புரதம் உருவாக நேரம் பிடிக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாஸர்மனும் டெய்லரும் 1966இல் கோழிக்குஞ்சின் குடலில், வைட்டமின் டி கொடுத்தால் மட்டுமே தோன்றும் ஒரு கால்சியம்பிணைப் புரதத்தைக் கண்டது இதற்கு வலுச்சேர்த்தது.

ரிவர்சைடில் நார்மனுடன் பணியாற்றிய மார்க் ஹாஸ்லர், கதிரியக்க வைட்டமின் ஏற்றிய குஞ்சின் குடற்செல்களைப் பிரித்துப் பார்த்தபோது, உட்கருவின் குரோமேட்டினில் ஒட்டியிருந்தது கொடுத்த வைட்டமினாக இல்லை. அதிலிருந்து பிறந்த வேறொரு பொருளாக இருந்தது. இதைப் பற்றி 1968, 1969 ஆண்டுகளில் வெளிவந்த இரு கட்டுரைகளில் ஹார்மோன், ஏற்பி என்ற இரண்டும் சேர்ந்தே முகங்காட்டின. முன்னதன் வேதியமைப்பு தெரியுமுன்பே அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருப்பதற்கான அடையாளம் கிடைத்துவிட்டது.

சிறுநீரகத்தின் பங்கு

வைட்டமின் டி கல்லீரலில் ஓர் ஆக்ஸிஜனைப் பெற்று 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆகிறது என்பதை டிலூக்காவின் குழு 1960களின் இறுதியில் நிறுவியிருந்தது. அடுத்த படியின் துப்பு கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. எகான் கோடிசெக்கின் குழுவினர் வைட்டமினின் முதலாம் கார்பனில் டிரிட்டியத்தையும், நான்காம் கார்பனில் கதிரியக்கக் கார்பனையும் ஏற்றி அனுப்பினார்கள். குடலின் உட்கருவில் கிடைத்த பொருளில் கதிரியக்கக் கார்பன் அப்படியே இருக்க, டிரிட்டியம் மட்டும் காணாமல் போயிருந்தது. முதலாம் கார்பனில் இருந்த ஹைட்ரஜனை வெளியேற்றி வேறொன்று அங்கே வந்து அமர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். காணாமல் போனதை வைத்து வந்ததைக் கண்டுபிடித்த இந்தச் சோதனை, ஆய்வு முறைமை பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் நின்று படிக்க வேண்டியது.

1970இல் ஃபிரேசரும் கோடிசெக்கும், சிறுநீரகம் அகற்றப்பட்ட எலிகளில் இந்தப் பொருள் உண்டாவதில்லை என்று காட்டினார்கள். 1971இல் நார்மன், டிலூக்கா, கோடிசெக் ஆகிய மூவரின் குழுக்களும் தனித்தனியே அதன் அமைப்பை வெளியிட்டன. 1,25-டைஹைட்ராக்ஸி வைட்டமின் டி, அதாவது கால்சிட்ரியால்.

இந்தக் கண்டுபிடிப்பு ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு எலும்பு ஏன் நலிகிறது, வழக்கமான அளவு வைட்டமின் டி அவர்களிடம் ஏன் பலிக்கவில்லை என்பது மருத்துவர்களுக்கு நெடுநாள் புதிராக இருந்தது. 1972இல் பிரிக்மன், கோபர்ன், நார்மன் மூவரும் அத்தகைய நோயாளிகளுக்கு மிகச் சிறிய அளவு கால்சிட்ரியால் கொடுத்தபோது, கால்சியம் உறிஞ்சப்படுவது கூடியது. குடல் பழுதின்றி இருந்தது. அதற்கு வரவேண்டிய செய்தியை எழுதும் சிறுநீரகம்தான் பழுதாகியிருந்தது.

ஒரு பொருள் வைட்டமினா ஹார்மோனா என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. உடல் அதை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கால்சிட்ரியாலின் உற்பத்தியைப் பாராதைராய்டு ஹார்மோன் தூண்டுகிறது. எலும்பிலிருந்து வரும் எஃப்.ஜி.எஃப். 23 என்ற ஹார்மோன் அடக்குகிறது, வேலை முடிந்த ஹார்மோனை அழிக்கச் செல்களில் தனியொரு நொதி இருக்கிறது. 25-ஹைட்ராக்ஸி வடிவம் இரத்தத்தில் நானோகிராம் கணக்கிலும், கால்சிட்ரியால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்காகிய பிகோகிராம் கணக்கிலும் உலவுகின்றன. பரிசோதனைக் கூடத்தில் நாம் அளப்பது முன்னதை. மரபணுவோடு பேசுவது பின்னது. கிடங்கில் இருக்கும் தாளை எண்ணிவிட்டு எத்தனை கடிதம் எழுதப்பட்டது என்று சொல்ல முடியாது.

பதினான்கு நிமிடம்

மரபணுவழிச் செயல் நிலைபெற்றதோடு நார்மன் நின்றிருந்தாலும் அவருடைய இடம் உறுதிதான். ஆனால் 1984இல் அவரும் இல்கா நெமெரேயும் யோஷிமோட்டோவும் வெளியிட்ட ஒரு சோதனை, அவரே வலுப்படுத்திய கொள்கைக்குள் அடங்காததாக இருந்தது.

மயக்கமூட்டிய கோழிக்குஞ்சின் முன்சிறுகுடல் வளையத்தை அதன் இரத்தக்குழாய்களோடு தனிமைப்படுத்தி, தமனி வழியே ஊட்டக்கரைசலை ஓடவிடுகிறார்கள். குடலின் உட்குழிவில் கதிரியக்கக் கால்சியம் நிரப்பப்படுகிறது. மறுபக்கம் சிரை வழியே சொட்டும் திரவத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடித்து, அதில் எவ்வளவு கால்சியம் கடந்து வந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். தமனிக் கரைசலில் கால்சிட்ரியாலைச் சேர்த்த பதினான்கு நிமிடத்துக்குள் சிரையில் வரும் கால்சியம் கூடியது. மரபணு படியெடுக்கப்பட்டு, புரதம் உருவாகி, வேலையில் இறங்க இந்த நேரம் போதாது. விரைவான இந்தக் கடத்தலுக்கு அவர்கள் டிரான்ஸ்கால்டேக்கியா என்று பெயரிட்டார்கள்.

இதில் என் வாதத்துக்கு மிக முக்கியமானது வேறொரு விவரம். வைட்டமின் டி நிறைவாகப் பெற்று வளர்ந்த குஞ்சின் குடலே இந்த விரைவுப் பதிலைத் தந்தது. குறைபாட்டோடு வளர்ந்த குஞ்சின் குடல் தரவில்லை. கொடுக்கப்பட்ட ஹார்மோன் ஒன்றே. முன்னரே மெதுவான வழியில் தயாராக்கப்பட்ட செல்லுக்குத்தான் விரைவான வழி திறக்கிறது. செய்தியின் விளைவு, கேட்கும் செல்லின் கடந்தகாலத்தையும் சார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஒரே மூலக்கூறு இரண்டு வேலைகளை எப்படிச் செய்கிறது? நார்மன் விடை தேடியது மூலக்கூறின் வடிவத்தில். ஸ்டீராய்டு ஹார்மோன்களில் நான்கு வளையங்களும் மூடியிருக்கும், அவை விறைப்பானவை. வைட்டமின் டி-யில் இரண்டாம் வளையத்தைப் புறஊதா ஒளி உடைத்துவிடுகிறது. அதனால் ஆறாம், ஏழாம் கார்பன்களுக்கு இடையிலுள்ள ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி மூலக்கூறு சுழல முடிகிறது. மடங்கியும் நீண்டும் வடிவம் மாறுகிறது. மடங்கிய வடிவிலேயே பூட்டப்பட்ட ஒரு மாற்றுமூலக்கூறை நார்மனின் குழு சோதித்தது. விரைவுப் பதிலை அது முழுமையாகத் தூண்டியது. மரபணுக்களைத் தூண்டுவதில் வலுவற்றிருந்தது. முதலாம் கார்பனின் ஹைட்ராக்ஸில் மட்டும் திசைமாறி அமைந்த இன்னொரு மூலக்கூறோ விரைவுப் பதிலைத் தடுத்தே விட்டது. 2000ஆம் ஆண்டில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் டினோ மோராஸின் குழு வெளியிட்ட ஏற்பியின் படிக அமைப்பில், உட்கரு ஏற்பிக்குள் அமர்ந்திருந்தது நீண்ட வடிவம். வேலைக்கேற்ற வடிவம் என்ற நார்மனின் கருத்தோடு இது பொருந்தி வந்தது.

எழும் மறுப்புகள்

விரைவு வழியைப் பற்றிய ஐயங்கள் நியாயமானவை. அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதல் ஐயம் ஏற்பி எது என்பது. நெமெரே, சவ்வில் இருக்கும் வேறொரு புரதமே விரைவுப் பதிலுக்குக் காரணம் என்று வாதிட்டார். நார்மனின் குழுவோ, உட்கருவில் இருக்கும் அதே வைட்டமின் டி ஏற்பிதான் செல்சவ்வின் சிறு குழிவுகளிலும் இருக்கிறது என்று 2004இல் காட்டியது. அதே ஆண்டு சனெல்லோவும் நார்மனும், ஏற்பி செயலிழந்த எலிகளின் எலும்பாக்கும் செல்களில் அயனி வாயில்கள் கால்சிட்ரியாலுக்கு விரைவுப் பதில் தருவதில்லை என்று நிறுவினார்கள். இரண்டு தரப்பிலும் சான்றுகள் உள்ளன. ஒரு திசுவில் ஒன்றும் வேறு திசுவில் மற்றொன்றும் முன்னிற்கலாம்.

இரண்டாம் ஐயம் இன்னும் கடினமானது. குடல் வளையத்தில் கண்டது முழு உடலில் எவ்வளவு பொருட்படும்? ஏற்பியற்ற எலிகளின் எலும்புநோயை உணவில் கால்சியம், பாஸ்பேட், லாக்டோஸ் ஆகியவற்றைக் கூட்டியே தடுத்துவிட முடிகிறது. எலும்புக்கு விரைவு வழி இன்றியமையாதது என்று இதன்பின் வலியுறுத்த முடியாது. இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கேட்கும் செல்லே விளைவைத் தீர்மானிக்கிறது என்ற மையக்கருத்து விரைவு வழியை மட்டும் நம்பி நிற்கவில்லை. அதற்கு மனித நோய்களிலேயே சான்று உண்டு.

ஏற்பி பழுதானவர்கள்

1978இல் முதலில் விவரிக்கப்பட்ட ஒரு பரம்பரை ரிக்கெட்ஸில், நோயாளிகளின் இரத்தத்தில் கால்சிட்ரியால் மிகுதியாகவே இருந்தது. இருந்தும் எலும்பு வளைந்தது. 1988இல் அத்தகைய குடும்பங்களின் ஏற்பி மரபணுவில் பிழைகள் கண்டறியப்பட்டன. 427 அமினோ அமிலங்கள் கொண்ட ஏற்பியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் போதும், டி.என்.ஏ.-வைப் பிடிக்க வேண்டிய விரல் போன்ற பகுதி பிடி நழுவிவிடுகிறது. ஹார்மோன் வந்து குவிகிறது, கேட்க ஆளில்லை.

இக்குழந்தைகளில் பலருக்குத் தலைமுடியும் உதிர்ந்துவிடும். சிரை வழியே நீண்டகாலம் கால்சியம் ஏற்றினால் எலும்பு தேறுகிறது. முடி மட்டும் திரும்புவதில்லை. ஏற்பியற்ற எலிகளிலும் இதே நிலைதான். வியப்பு என்னவென்றால், ஏற்பி நன்றாக இருந்து ஹார்மோன் மட்டும் இல்லாதவர்களுக்கு முடி உதிர்வதில்லை. முடிவேரின் சுழற்சியில் ஹார்மோன் வந்து பிணையாமலேயே ஏற்பி தானாக ஒரு வேலையைச் செய்கிறது. வைட்டமின் டி அமைப்பின் அச்சு வைட்டமினில் இல்லை, ஏற்பியில் இருக்கிறது என்று சொல்ல இது ஒன்றே போதும்.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் குழந்தை உணவுகளில் தாராளமாக வைட்டமின் டி சேர்க்கப்பட்டபோது, சில குழந்தைகளுக்கு இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. ஹார்மோனை அழிக்கும் நொதியின் மரபணுப் பிழை இத்தகைய நோய்க்குக் காரணமாகலாம் என்பது 2011இல்தான் தெரியவந்தது. பெரும்பாலான குழந்தைகளைக் காத்த அதே அளவு, செய்தியை முடித்துவைக்க வழியில்லாத குழந்தைக்குத் தீங்காகிறது. சார்கோய்டோசிஸ் நோயாளிகளிடமும் இதுபோல ஒன்று நடக்கிறது. நோய்த்தடுப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள் சிறுநீரகத்தைக் கேட்காமல் தாமே கால்சிட்ரியாலை உண்டாக்குகின்றன. பாராதைராய்டின் கட்டளைக்கு அவை பணிவதில்லை.

மாத்திரை ஆய்வுகளை வாசிக்கும் முறை

இந்த வெளிச்சத்தில் பெரிய மருத்துவ ஆய்வுகளைப் பார்க்கலாம். அமெரிக்காவில் நடந்த வைட்டல் ஆய்வில் 25,871 பேர் பங்கேற்றனர். பாதிப்பேருக்கு நாள்தோறும் 2,000 சர்வதேச அலகு வைட்டமின் டி, மற்றவர்களுக்கு மருந்தற்ற மாத்திரை. சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்த பிறகு, புற்றுநோயோ மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையோ புதிதாக வருவது குறையவில்லை. 2022இல் வெளியான முடிவின்படி எலும்பு முறிவும் குறையவில்லை.

வைட்டமின் டி-யே பயனற்றது என்று சிலர் இதிலிருந்து முடிவுகட்டினார்கள். அளவு போதவில்லை என்றார்கள் வேறு சிலர். இரண்டு தரப்புமே அதைச் சத்தாக மட்டும் எண்ணி எடைபோடுகின்றன. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்திலேயே 25-ஹைட்ராக்ஸி அளவு போதுமானதாக இருந்தது. மூலப்பொருள் போதுமான உடலில் மேலும் மூலப்பொருளைக் கொட்டினால், ஹார்மோனின் உற்பத்தியைக் கட்டியாளும் அமைப்பு அதைப் பெரும்பாலும் சமன்செய்துவிடும். உண்மையான குறைபாடு உள்ள குழந்தை, சிறுநீரகம் செயலிழந்தவர், ஏற்பி பழுதானவர் ஆகியோரின் நிலை முற்றிலும் வேறு. முதலாமவருக்கு வைட்டமினும், இரண்டாமவருக்கு ஹார்மோனும், மூன்றாமவருக்குக் கால்சியமும் தேவை. மூவருக்கும் வெளியில் தெரியும் நோய் எலும்பின் நலிவு. செய்தி எந்தக் கட்டத்தில் அறுந்தது என்று கேட்காமல் மூவருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பது மருத்துவம் ஆகாது.

முடிவுரை

தமிழில் வைட்டமினை உயிர்ச்சத்து என்கிறோம். அழகான சொல், ஏ-க்கும் சி-க்கும் பொருந்துகிறது. டி-க்கு அது பாதிதான் பொருந்தும். தோலிலோ உணவிலோ கிடைப்பது மூலப்பொருள். கல்லீரலும் சிறுநீரகமும் திருத்தியமைத்த பிறகே அது செயல்படும் ஹார்மோன். பெயரை இனி மாற்றுவது இயலாது; மாற்றவும் வேண்டியதில்லை. ஆனால் தமிழில் அறிவியல் எழுதுவோரும் கற்பிப்போரும் மருத்துவக் குறிப்புகள் தருவோரும் வைட்டமின் டி என்று எழுதும் இடத்தில் மூன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: உண்ணும் அல்லது தோலில் விளையும் வைட்டமின், இரத்தத்தில் அளக்கப்படும் 25-ஹைட்ராக்ஸி வடிவம், செல்லில் செயல்படும் கால்சிட்ரியால். இம்மூன்றும் ஒரே சொல்லுக்குள் கலந்து கிடப்பதால், பரிசோதனைத் தாளில் உள்ள எண்ணைத் தன் எலும்பின் எண்ணாக நோயாளி வாசிக்கிறார். கதிரியக்கம் ஏற்றிய வைட்டமினைக் கோழிக்குஞ்சின் குடற்செல்லுக்குள் பின்தொடர்ந்த நார்மன், அங்கே இருப்பது கொடுத்த பொருள் அல்ல என்று 1968லேயே கண்டுகொண்டார். அந்த வேறுபாட்டை நம் சொற்களும் காட்ட வேண்டும்.